மூன்று கட்டைவிரல்

மலையில் மழை பெய்யும்போது எங்கள் ஊரில் வெயில் அடிக்கும். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். கல்வராயன் மலைமேல் ஒரு மேகம் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். அங்கிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் எங்கள் ஊர்த் தரைப்பாலத்துக்கு வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை பாலத்தின்மேல் கோழி மேய்ந்துகொண்டிருக்கும், வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அப்புறம் வரும்.

நான் சென்னையில் ஒரு கம்பெனிக்கு வேலை செய்பவள். வேலை மட்டும்தான் சென்னைக்கு, உட்கார்ந்திருப்பது கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பக்கத்தில் என் அப்பா வீட்டு மாடி அறையில். இணையத்தில் பொருள் விற்கிறவர்களுக்கு வாங்கியவர்கள் நட்சத்திரம் போடுகிறார்களே, அதில் எது நிஜம், எது சொந்தக்காரனை விட்டுப் போட்டது என்று கண்டுபிடிக்கிற கணக்குதான் என் தொழில். யார் சொல்லுக்கு எத்தனை எடை என்று எண்ணாக மாற்றுவது. அந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. சின்ன வயதிலிருந்து நான் எது சொன்னாலும் "நீ யாரு பொண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் இந்த ஊரில் காதைத் திறப்பார்கள். எண்ணுக்கு அந்தக் கேள்வி தெரியாது என்று நான் நம்பினேன்.

பாலத்துக்காக ஊரில் முன்பே ஒரு போன் குழு இருந்தது. அதில் வாரத்துக்கு இரண்டு முறை பாலம் மூழ்கும். கரும்பு வெட்டுக்குப் போக அலுத்தவன் ஒருவன் மூழ்கடிப்பான், மாமியார் வீட்டுக்குப் போகப் பிடிக்காதவன் இன்னொரு நாள் மூழ்கடிப்பான். கடைசியில் நிஜமாகவே தண்ணீர் வந்த அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பதினொரு ஆடு போய்விட்டது. அன்றுதான் எனக்குக் கோபம் வந்து, ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு செயலியை எழுதினேன்.

விதி ரொம்ப எளிது. ஓடையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் தகவல் போடலாம். அதன் கீழே இரண்டு கட்டைவிரல் இருக்கும். மேலே தூக்கியது உண்மை, கீழே காட்டியது பொய். எந்தக் கட்டைவிரலை யார் அழுத்தினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்பவருக்குப் பத்து மதிப்பெண். மற்றவர்கள் உண்மை என்று அழுத்த அழுத்த ஏறும், பொய் என்றால் இறங்கும். ஐம்பதுக்கு மேல் இருப்பவர் தகவல் போட்டால் அத்தனை போனிலும் கோயில் மணிபோல அடிக்கும். அதற்குக் கீழே இருப்பவர் போட்டால் தகவல் காத்திருப்பில் நிற்கும். மூன்று பேர் உண்மை என்று அழுத்திய பிறகுதான் மணி அடிக்கும். ஊரில் என்னை மணிக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பழைய ஊர்த்தலைவர் ஒருவர் "அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்று ஓடைத் தகவலில் போட்டார். பதினாலு பேர் அதை உண்மை என்று அழுத்தினார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்து, அதைப் படம்பிடித்து ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்பினேன். அந்தப் பதினாலு பேர் எனக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அன்று யோசிக்கவில்லை.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு நான்தான் போனில் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். அவர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். காலையும் மாலையும் மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் தொங்க, பாலத்தைத் தாண்டித்தான் வருவார், போவார். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, காத்திருப்பு, மதிப்பெண் என்று நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு பாப்பா? மணி அடிச்சா நிப்பேன். அடிக்கலன்னா போவேன். அவ்ளோதான்" என்றார். நானும் அவ்வளவுதான் என்றேன்.

எங்கள் குழுவிலேயே அதிக மதிப்பெண் ஒருவருக்கு. தொண்ணூற்று நாலு. ஓடை மலையை விட்டு இறங்கும் இடத்தில், ஏழெட்டு வீடு மட்டும் உள்ள ஒரு குடியிருப்பில் இருப்பவர். கூலி வேலை செய்கிறவர், மரவள்ளிக் காட்டோரத்தில் வீடு என்று சொன்னார்கள். அவர் போடுவது ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. "நிறம் மாறுது." "பெரிய கல் முழுவிப்போச்சு." "தெளிஞ்சிடுச்சு, பயமில்ல." ஒரு தடவைகூட அவர் தகவல் தப்பியதில்லை. என் கம்பெனியில் கோடிக்கணக்கான நட்சத்திரங்களை அலசியிருக்கிறேன், இப்படி ஒரு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. அவரை நேரில் பார்த்ததும் இல்லை.

செயலி தொடங்கி இரண்டு வருடம் ஆனபோது அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம் என்று குழுவில் சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர், அவரும் நல்ல மதிப்பெண் உள்ளவர்தான், போனில் கூப்பிட்டு, "அவரு எங்கங்க வரப்போறாரு, வுடுங்க" என்றார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாமே போய்ப் போர்த்திவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினேன். காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து தகவல் வந்திருந்தது. தண்ணி கம்மி, பயமில்ல என்று.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. எதிர்ச் சுவரில் அவர் படம் இருந்தது. செயலியில் இருக்கும் அதே படம், அதே நீலச் சட்டை. அதற்குப் பிளாஸ்டிக் மாலை போட்டு, மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கீழே மறைவு என்று தேதி அச்சடித்திருந்தார்கள். நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று மாதம். கையில் சால்வைப் பையோடு அந்த வாசலில் நின்றேன். நல்ல வெயில், இருந்தும் முதுகு சில்லிட்டுப்போனது. பதின்மூன்று மாதமாக என்னிடம் யார் பேசிக்கொண்டிருந்தது?

அவர் மனைவி புல்லுக்கட்டோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு. கட்டை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கொடுக்கத் தோன்றாமல் நின்றாள்.

"அவரு படுத்துக்கினு இருந்தப்பவே நாந்தாங்க பார்ப்பேன். இன்னா நெறத்துல போவுதுன்னு உள்ள இருந்து கேப்பாரு. நான் சொல்லுவேன், அவரு சொல்ற மாதிரி அடிப்பேன். அவரு போனதுக்கப்பறமும் மழை பெய்யுதுங்களே" என்றாள்.

இந்த இடத்தில் நான் அவளைக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கோபப்பட்டேன். என் தொழிலில், நல்ல பேர் எடுத்த கணக்கு கை மாறுவதுதான் எல்லா மோசடிக்கும் முதல் கதவு. செத்துப்போனவர்களின் கணக்கை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றியவர்களை நான் டஜன் கணக்கில் பிடித்திருக்கிறேன். அடுத்தவர் பேரில் எழுதுவது எவ்வளவு பெரிய தப்பு என்று அவளுக்கு வகுப்பே எடுத்தேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உன் பேரில் புதிதாக ஒரு கணக்கு திற, நீ போடுவது சரியாக இருந்தால் இரண்டே மாதத்தில் மதிப்பெண் தானாக ஏறும் என்றேன்.

"எம் பேருல போட்டா ஆவாதுங்க."

"ஏன் ஆவாது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு "ஆவாதுங்க" என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். தன்மேல் நம்பிக்கை இல்லாதவள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். இந்த ஊர் பெண்களை இப்படித்தான் அமுக்கி வைத்திருக்கிறது, எண் அப்படி இல்லை, அது ஆம்பளையா பொம்பளையா என்று பார்க்காது என்று உருக்கமாகப் பேசினேன். பேசிக்கொண்டே அவள் கையிலிருந்த போனை வாங்கி, அவள் வீட்டு வாசலில் நின்றே அவள் புருஷன் கணக்கை மூடினேன். ஐந்து நிமிடம் ஆனது. அவள் பேரில் புதிய கணக்கு திறந்து கொடுத்தேன். பத்து மதிப்பெண். சால்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சால்வை இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அடுத்த சில மாதங்களில் அவள் பதினொரு தடவை தகவல் போட்டாள். பதினொன்றும் சரி. ஒருவர்கூடக் கட்டைவிரல் அழுத்தவில்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஆனாலும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் போட்ட பத்து நிமிடத்தில் டீக்கடைக்காரர் தன் பேரில் ஒரு தகவல் போடுவார், அவர் மதிப்பெண்ணுக்கு மணி உடனே அடிக்கும். அவள் மதிப்பெண் மட்டும் பத்திலேயே நின்றது. பார்த்தவர்கள் தயவுசெய்து அழுத்துங்கள் என்று குழுவில் இரண்டு முறை எழுதினேன். அதையும் எல்லோரும் படித்தார்கள். இன்னும் போதுமான தரவு சேரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லவேளை, அதைச் சொல்லும்போது என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், மதியம் மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். திரையின் ஓரத்தில், காத்திருப்பில் ஒன்று என்று காட்டியது. அவள்தான்.

"மேல பயங்கர மழை. தண்ணி செம்மண் நெறத்துல வருது. வேரோட மரம் வருது. தயவுசெஞ்சு யாரும் பாலத்துல போவாதீங்க."

அவள் அதற்கு முன் தயவுசெய்து என்று எழுதியதே இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே காட்டும். முதலில் ஆறு, பிறகு பதினேழு, பிறகு இருபத்தாறு. கட்டைவிரல் ஒன்றும் இல்லை. டீக்கடைக்காரரும் போடவில்லை. மூன்று கட்டைவிரல் இல்லாமலே மணியை அடிக்கவிட என்னிடம் ஒரு பட்டன் உண்டு. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பளீரென்று வெயில். எதிர்வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இருபத்தாறு பேர் பார்த்திருக்கிறார்கள், அவர்களில் மூன்று பேருக்குக்கூட நம்பத் தோன்றவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று நினைத்தேன். நான் ஒரு தடவை கைவைத்தால் அப்புறம் இது ஊர் மணி இல்லை, என் மணி ஆகிவிடும் என்றும் நினைத்தேன். அம்புக்குறியை எடுத்துவிட்டேன். மீட்டிங்கில் என் முறை வந்தது, பேசினேன், நன்றாகவே பேசினேன்.

நாலு மணி சுமாருக்குப் பால்காரர் மொபெட்டின் ஹார்ன் சத்தம் கீழே கேட்டது. அம்மா பாலை வாங்கிக்கொண்டாள். இன்னா பாப்பா கீழயே எறங்க மாட்டியா என்று அவர் குரல் கொடுத்தார். மீட்டிங் என்று மேலிருந்தே கை காட்டினேன். இன்னும் இரண்டு தெருவுக்கு ஊற்றிவிட்டு அவர் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவார்.

மீட்டிங் முடிந்து திரும்பவும் பார்த்தேன். முப்பத்தொன்பது பேர் பார்த்திருந்தார்கள். கட்டைவிரல் இல்லை. அம்புக்குறியை மறுபடியும் அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். பட்டனை அழுத்தினேன். நாலு இருபத்தைந்து. என் போனும் அம்மா போனும் தெருவில் யார் யார் போனோ எல்லாம் ஒரே நேரத்தில் மணி அடித்தன. திரையில் ஒரு வரி வந்தது: ஒருவருக்கு மட்டும் சென்றடையவில்லை.

தண்ணீர் நாலு இருபதுக்கே வந்துவிட்டிருந்தது. பாலத்தின் நடுவில் இருந்தபோது பால்காரரை அடித்துப்போனதாக அக்கரையில் ஆடு மேய்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலையில் ஓடையின் கீழ்ப்பக்கத்து மூங்கில் புதரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கேன் கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. போனும் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு நான் நேரே டீக்கடைக்குப் போனேன். அடிக்கிற மாதிரிதான் போனேன். அன்று ஏன் போடவில்லை என்று கேட்டேன். அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குத் தியாகதுருகம் போயிருந்தேன், ஓடையைப் பார்க்காமல் என் பேரில் எப்படிப் போடுவது என்றார். சரி, அவள் போட்டதைப் பார்த்தீர்களே, நம்பவில்லையா என்றேன்.

"நம்பாம இன்னாங்க. பார்த்த ஒடனே வூட்டுக்குப் போன் போட்டு மாட்ட அவுத்து மேல கட்டச் சொன்னேன்."

"அப்பறம் ஏன் உண்மைன்னு அழுத்தல?"

அவர் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"புருசன் இல்லாத பொண்ணுங்க. அது போடறதுக்கெல்லாம் நான் போய் போய்க் கட்டவெரல தூக்கிக் காட்டிக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்? என்ன வுடுங்க, அதத்தான பேசும். அவரு பேருல இருந்தப்ப ஒரு தொல்லையும் இல்ல. அவருக்குத்தான அழுத்தறோம். அதான் நான் அது போட்டதப் பார்த்ததும் ஓடிப்போய் ஓடையைப் பார்த்து எம் பேருல போடுவேன். நீங்க வந்து மூடிட்டீங்க."

அப்படியானால் அவள் புருஷன் இறந்தது எல்லோருக்கும் தெரியும். எழுதுவது அவள் என்பதும் தெரியும். வழியில் நான் கேட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள். முப்பத்தொன்பது பேரும் அவள் சொல்லை நம்பினார்கள். நம்பித் தங்கள் மாட்டையும் மோட்டாரையும் மேட்டுக்கு ஏற்றினார்கள். மற்றவர்கள் யாராவது அழுத்துவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பொங்கல் வாழ்த்துக்கு உண்மை என்று அழுத்திய அதே ஊர்தான் இது. கட்டைவிரல் அங்கே மரியாதை, உறவு, கௌரவம். நம்பிக்கையை அதில் அளந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். தெரியாதவளும் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து, செயலியின் உள்பதிவுகளைத் திறந்தேன். அன்று மூன்று மணியையொட்டி என்னென்ன நடந்தது என்று வரிசையாக இருக்கும். அவள் தகவல் இரண்டு ஐம்பதுக்கு. அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள் அதே போனிலிருந்து வேறொரு கணக்கு நாலு முறை உள்ளே நுழைய முயன்றிருந்தது. தொண்ணூற்று நாலு மதிப்பெண். நீலச் சட்டைப் படம். நாலு முறையும் என் செயலி ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது: இந்தக் கணக்கு மூடப்பட்டது. அந்த நாலு வரிகளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. செத்துப்போன ஒருவர் கதவைத் தட்டியிருக்கிறார், நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் இருந்திருக்கிறேன் என்றுதான் அன்று தோன்றியது. இன்றும் ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவளைப் பார்க்க இரண்டாம் முறை போனபோது கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. யார் அழுத்தினார்கள் என்று இனிமேல் யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிட்டேன், உன் பேரிலேயே தைரியமாகப் போடலாம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். ஊர் உன்னை நம்பவில்லை என்று நீ நினைத்திருப்பாய் என்றேன்.

"ஊருல நம்பலன்னு நான் நெனைக்கலீங்க. அவங்க வழக்கம் எனக்குத் தெரியும். நீங்களும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான, உங்களுக்கும் தெரியும்னுதான் நெனைச்சேன்" என்றாள்.

பிறகு, புருஷன் பேரையே திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அவரும் நானும் பேசிக்கினு இருந்த எடம் அதுங்க என்றாள். நான் போனை வாங்கித் திறந்து கொடுத்தேன். அதற்கும் ஐந்து நிமிடம்தான் ஆனது.

இப்போதெல்லாம் மணி அவர் பேரில்தான் அடிக்கிறது. மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. மழைக்காலத்தில் நீலச் சட்டை என் திரையில் எழுந்து வந்து, நிறம் மாறுது என்று சொல்லும். நொடியில் நாலு ஊர் ஒதுங்கி நிற்கும். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முதுகு சில்லிடும். பால் இப்போது பாக்கெட்டில் வருகிறது.

மணி அடித்து முடிந்ததும் அந்த வரி வரும். ஒருவருக்கு மட்டும் சென்றடையவில்லை. மறுபடி முயலவா என்று கீழே கேட்கும். இறந்தவர் கணக்கை மூடிவிட வேண்டும் என்ற விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, எழுதியவள் நான்தான். பால்காரர் கணக்கை மூட எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். நான் ஆம் என்று அழுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.